பகலில் அணைந்த தீ

14 மே 1946, செவ்வாய். ஏலாக்குறிச்சி.

தங்கை ஸ்டெல்லாவின் இன்சுலின் கெட்டுவிட்டது. அதைக் குளிரில் வைக்கத்தான் அந்த மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டியை வாங்கினோம். ஒரு வாரமாக, நான் அரியலூர் ஆபீஸிலிருந்து இருட்டித் திரும்பும்போது பெட்டியின் அடியில் தீ சீராக எரியும்; உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். விடிவதற்குள் குளிர்ந்துவிடும். திரியைக் கத்தரித்தேன். புகைக்குழாயைத் துடைத்தேன். பழுது தெரியவில்லை.

இன்று காலை பையை மறந்து பாதி வழியில் திரும்பினேன். வீட்டுக்குள் நுழையும்போது கோயில் மணி அடித்தது. அம்மா குனிந்து தீயை ஊதி அணைத்தாள்.

“என்னம்மா பண்றே?”

“விடிஞ்சிருச்சுல்ல, பட்டப்பகல்ல எதுக்கு விளக்கு? எண்ணெயே கூப்பனுக்குத்தான் குடுக்கறான். சாயங்கால மணிக்கு நானே ஏத்திடுவேன்.”

“அந்தத் தீயாலதாம்மா பெட்டியே குளிருது!”

“நெருப்பு குளிர வைக்குதா? யாருகிட்டடா கதை விடுற?” சிரித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “நெசமாவா? இத்தனை நாளா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?”

அவளுக்குப் புரியாது என்று நானே முடிவு செய்திருந்தேன். பட்டம் வாங்கியவனின் தீர்மானம்.

திருச்சியிலிருந்து புது மருந்து வர இரண்டு நாளாகும். ஸ்டெல்லா ஓயாமல் தண்ணீர் கேட்கிறாள். அம்மாதான் மொண்டு மொண்டு கொடுக்கிறாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.