எனக்குத் தேதி தெரியாது

முடிச்சூர்,
வியாழன் இரவு

அன்புள்ள ஜெஃப்ரி அண்ணாவுக்கு,

தங்கை ஹெப்சி தோத்திரம் சொல்லி எழுதுவது. முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. நாக்பூரில் உன்னோடு வேதம் படிக்கிறவர்களுக்குக்கூட வேண்டாம். படம் எடுத்து குரூப்பில் போட்டுவிடாதே. நீ பெருமையில் போட்டுவிடுவாய், எனக்குத் தெரியும். அங்கிருந்து நம் தாம்பரம் சபைக்கு வந்து சேர அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அம்மாவின் போனில் நாம் பேசிக்கொள்வது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. போன் இப்போது அப்பாவின் தலையணைக்கு அடியில். கணக்குப் புத்தகத்தை மேலே விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நாளை என் திடப்படுத்தல் வகுப்பு ஆஸ்டின் தபாலில் சேர்த்துவிடுவான்.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு எனக்குத் திடப்படுத்தல். பேராயர் வந்து தலையில் கைவைத்து, எங்களைச் சபையின் முழு அங்கத்தினராக்குவார். அதற்கு முன்னால் ஞானையா சார் வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து, கர்த்தரை ஏற்றுக்கொண்டு இரட்சிக்கப்பட்ட தேதியைச் சொல்ல வேண்டும். உன் முறையிலும் இதே வழக்கம்தான். பிறந்த தேதி போலத் தடுமாறாமல் வர வேண்டும். ஆஸ்டின் ஏலகிரி கேம்பின் கடைசி நாளைச் சொன்னான். உட்கார்ந்ததும் என் காதில், "அன்னிக்குத்தான் பிரியாணி போட்டாங்க, அதான் மறக்கல. நீயும் அதையே சொல்லிடு, ரெண்டு பேரும் ட்வின்ஸ்" என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தேன். எழுந்த பிறகு பொய் வரவில்லை. "எனக்குத் தேதி தெரியாது சார். நான் போய் அவரைப் புடிச்ச மாதிரி ஞாபகம் இல்ல. அவர்தான் என்னைத் தூக்கினாரு" என்றேன்.

"இது ஜெஃப்ரியோட குரலாச்சே" என்றார் சார்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அழுதுவிட்டு உட்கார்ந்திருப்பேன். பரிவாகத்தான் கேட்டார். "எல்லாத்தையும் அவரே முடிவு பண்ணிட்டா, நீ என்ன சாவி கொடுத்த பொம்மையாம்மா? கர்த்தர் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டார்."

அந்தப் பெருவெள்ளக் காலைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஹாலில் பிரிட்ஜ் மிதந்தது, நினைவிருக்கிறதா? நான் கட்டில்மேல் ஏறி, ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, "வாம்மா, வாம்மா" என்று கைநீட்டினார். நான் போகவில்லை. அந்தக் கறுப்புத் தண்ணீரைவிடக் கம்பிதான் எனக்குப் பத்திரமாகத் தெரிந்தது. அப்பா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நான் அவர் தோளைக் கடித்தேன். அவர் விடவில்லை. வருடா வருடம் ஆலயத்தில் சாட்சி சொல்லும்போது அப்பா, "நான் கூப்பிட்டேன், பிள்ளை ஓடி வந்து என்மேல தாவிட்டா" என்பார். நீயும் நானும் பெஞ்சில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். கடித்ததைப் பார்த்தவன் நீ ஒருவன்தானே.

இதைத்தான் சாரிடம் சொன்னேன். "அப்பா என்னைப் பொம்மை ஆக்கல சார். தோள்மேல ஏறின பிறகு அவர் கழுத்தை நான்தான் கட்டிப் புடிச்சிருந்தேன். யாரும் சொல்லாமத்தான் புடிச்சேன். ஆனா மொதல்ல அவர் தூக்கினாரு."

பின்னால் இருந்து ஆஸ்டின், "அப்ப ஜாலிதான். என்ன பண்ணாலும் கன்ஃபர்ம் டிக்கெட்!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவனுக்கும் அதே காலையிலிருந்துதான் பதில் கிடைத்தது. தண்ணீரிலிருந்து தூக்கப்பட்டவளுக்கு மறுபடி அதில் குதிக்கவா ஆசை வரும்? மாடிக்குப் போன பிறகும் நான் அப்பாவின் தோளைவிட்டு இறங்க மறுத்தேன். அம்மா அதட்டித்தான் இறக்கினார்கள்.

அந்த மாடியை நீ நினைப்பதுண்டா? பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் அத்தை சாமி அலமாரியை ஒதுக்கிவிட்டு நம் நால்வருக்கும் இடம் கொடுத்தார்களே. ஒரே போர்வையில் நீயும் அப்பாவும். நீ இழுத்தால் அப்பாவின் கால் வெளியே, அப்பா இழுத்தால் உன் கால் வெளியே. அப்பாவின் கண்ணாடி வெள்ளத்தோடு போய்விட்டதால் நீதான் மாலையில் வேதம் வாசித்தாய். நீ ஒரு வரி வாசித்தால் அடுத்த வரியை அப்பா மனப்பாடமாகச் சொல்லிவிடுவார். "எல்லாம்தான் உங்களுக்குத் தெரியுதே, அப்புறம் எதுக்கு என்னைப் படிக்கச் சொல்றீங்க?" என்று நீ சலித்துக்கொண்டாய். "தெரியும்டா. உன் குரல்ல கேக்கணும்" என்றார் அப்பா. அப்போது அவர் முகம் எப்படி இருந்தது! யாரை இரட்சிப்பது என்று கர்த்தர் முன்குறித்த பிறகு எதற்கு ஜெபம் என்று சார் கேட்டபோது அந்த முகத்தைத்தான் நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. அது நம் வீட்டுச் சொத்து என்று தோன்றியது.

"அப்புறம் எதுக்கு ஊர் ஊராப் போய் சுவிசேஷம் சொல்றோம்?" என்று அடுத்து கேட்டார். படகு கொண்டுவந்த சிட்டிபாபு அண்ணனைச் சொன்னேன். கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர், நம் தெருவில் யாரையும் தெரியாது. "வூட்டாண்ட யாரு கீறீங்க? கொரல் குடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே வந்தார். எந்த வீட்டுக்குள் ஆள் இருக்கிறது என்று தெரியாததால்தான் ஒவ்வொரு கேட்டிலும் கூப்பிட்டார். எங்கோ ஆள் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்ததால்தான் கடைசி வீடு வரைக்கும் போனார்.

ஒன்றுக்கு மட்டும் தடுமாறினேன் அண்ணா. "அப்ப தூக்கப்படாதவங்க? அது நியாயமாம்மா?" என்றார். யாருக்கும் கடன்படாமல் கொடுப்பதுதான் கிருபை என்று நீ சொல்லித் தந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "எனக்கு முழுசாத் தெரியாது சார். அவர் அநியாயம் பண்ண மாட்டாருன்னு மட்டும் தெரியும். அவங்களை ஏன் தூக்கலன்னு யோசிக்கிறப்பல்லாம், கடிச்ச என்னை ஏன் தூக்கினாருன்னுதான் வருது" என்றேன். சார் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதோடு விட்டிருக்கலாம். "அவர் வாசல்ல நின்னு தட்டுறார்னுதானே வேதம் சொல்லுது? கதவை நாமதானே திறக்கணும்?" என்றார். அந்த வார்த்தை சபைக்குச் சொன்னது சார், ஏற்கெனவே அவருடையவர்களுக்கு, தன் சொந்த வீட்டு வாசலில்தான் அவர் நின்று தட்டுகிறார், கூட உட்கார்ந்து சாப்பிடுவதற்காக என்றேன். சார் தன் வேதாகமத்தை மூடி வைத்தார். பிறகு, "அப்பாகிட்ட சொல்லத்தான் வேணும்மா" என்றார்.

அப்பா திட்டவில்லை. சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு, "ஒரு தேதியைச் சொல்லு. இல்லைன்னா அண்ணன் சொல்லிக் கொடுத்தது தப்புன்னு சொல்லு. ரெண்டும் இல்லாம உன் பேரை என்னால வாசிக்க முடியாது" என்றார். சபைச் செயலாளர் அவர்தானே, பேராயர் முன்னால் பெயர் வாசிப்பவரும் அவர்தான். இதையே பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்ததற்காக நீ இனி ஓய்வுநாள் பள்ளியில் வகுப்பெடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தை வாசித்த அதே குரல். அன்று கடைசி வரியில் அந்தக் குரல் உடைந்தது. நீ அதற்குள் எழுந்து வெளியே போய்விட்டாய், கேட்டிருக்க மாட்டாய்.

ஏலகிரி பிரியாணி நாளைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். வெள்ளைச் சேலைகூட எடுத்தாகிவிட்டது. ஆனால் சொன்னால் அந்த ஜன்னல் கம்பியையே பொய்யாக்கினது மாதிரி இருக்கும். சொல்லாவிட்டால் அப்பா என் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போக வேண்டும். என்னால் தாங்க முடியும். அவரால் முடியுமா? இரண்டாவது பிள்ளையையும் அவர் வாயாலேயே வெளியே நிறுத்த வேண்டுமா?

உன்னைப் பற்றிக் கேட்டால் அப்பா சொல்வது ஒன்றுதான். "கதவு திறந்துதான் கிடக்கு. அவன் தானா வரணும். கூப்ட்டு வந்தா அது மனசு இல்ல." நீ சொல்வதும் ஒன்றுதான். "அப்பா கூப்பிடட்டும், வர்றேன்." அண்ணா, கோபித்துக்கொள்ளாதே. அப்பா அவர் நம்புகிறபடி காத்திருக்கிறார். நீ நம்புவது அதுவா? நாம் திரும்பிப் பார்க்காதபோதே கர்த்தர் நம்மைத் தேடி வந்தார் என்று எனக்குச் சொல்லித் தந்தவன் நீ. அப்படியானால் முதல் அடி யாருடையதாக இருக்க வேண்டும்? ஞானையா சாருக்கு நான் எத்தனை பதில் சொன்னாலும், நீ நாக்பூரில் அழைப்புக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அத்தனையும் வெறும் பேச்சுத்தானே?

இதைச் சொல்லக் கூடாது என்று அம்மா சொன்னார்கள். இருந்தாலும் சொல்கிறேன். உன் ஸ்பிளெண்டர் இன்னும் ஷெட்டில்தான் நிற்கிறது. ஞாயிறுதோறும் ஆலயம் முடிந்து வந்ததும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைக் கிக் அடித்து ஸ்டார்ட் செய்கிறார். மழையென்றாலும் விடுவதில்லை. எங்கும் ஓட்டிப் போவதில்லை. கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். பிறகு அணைத்துவிட்டு, துணியால் துடைக்கிறார்.

அந்த ஞாயிறுக்கு முன்னால் வந்துவிடு அண்ணா. விவாதிக்க வர வேண்டாம். அவர் கூப்பிட்டார் என்றோ, நீ தோற்றாய் என்றோ யாரும் சொல்லாதபடி நான் பார்த்துக்கொள்கிறேன். மாலையில் வந்து, வேதத்தை எடுத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு அதிகாரம் வாசி. அடுத்த வரியை அவர் சொல்லிவிடுவார். அதற்கப்புறம் என் பெயரை வாசிப்பதா இல்லையா என்பதை அவரே முடிவு செய்யட்டும், எனக்கு எதுவும் சம்மதம். கர்த்தர் உன்னைக் காத்து, உன் மனதை

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். நான் தாழ்ப்பாள் போடவில்லை, தள்ளினால் திறந்துகொள்ளும், அவருக்கும் அது தெரியும். இருந்தும் தட்டிவிட்டு வெளியே நிற்கிறார். "ஹெப்சி, தூங்கலியாம்மா? அண்ணன் நம்பரு இந்தப் போன்ல எங்கம்மா இருக்கு" என்று