நாற்பத்து மூன்று அங்குலம்

06.08.2024

இன்றைய கணக்கு முடிந்தது. விளக்குக்கு எண்ணெய், இவருக்குக் கண்மருந்து.

பழைய ரீவியில் இவருக்கு முகங்கள் தெரிவதில்லை. நல்லூர்த் தேரை வீட்டிலிருந்தே பார்க்க ஆசைப்படுகிறார். பிரான்ஸிலிருக்கும் மகள் கஜந்தினி புதியது வாங்கித் தருகிறாளாம். விசாரிக்க மருதனார்மடத்துக் கடைக்குப் போய்ச் சுவரின் அகலத்தைச் சொன்னேன்.

"உங்கடை சுவருக்கு நாப்பத்துமூண்டு இஞ்சுப் பெட்டிதான் அளவு, அன்ரி," என்றான் கடைக்காரன்.

குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

07.08

அந்த எண் ஏன் வரவேண்டும்?

இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் கிடந்தபோது மூத்தவள் சிவகௌரி காய்ச்சலில் போனாள். ஐந்து வயது. தச்சன் வாசலில் நின்று, "பெட்டி எத்தினை இஞ்சு, தங்கச்சி?" என்றான். தையல் நாடாவால் நான்தான் அளந்தேன். உச்சியிலிருந்து குதிவரை. நாற்பத்து மூன்று. மெல்லத்தான் சொன்னேன். இவர் மாமரத்தடியில் நின்றார், கேட்டிருக்கமாட்டார்.

அதன்பிறகு எனக்குத் திரைச்சீலை, கதவு, எல்லாமே சென்ரிமீற்றர்தான்.

11.08

இஞ்சுக் கணக்கு வேண்டாமென்றேன். கஜந்தினி போனில் சிரித்தாள். தமக்கை போனபிறகு பிறந்தவள். அவளுக்கு என்ன தெரியும்?

"ஏனம்மா, இஞ்சு எண்டா கடிக்குமே?"

"சின்னதா ஒண்டு போதும்."

"சின்னதிலை அப்பாவுக்கு முகம் தெரியாது. சரி, உங்கடை பாஷையிலையே சொல்லுறன். இங்கை பிரான்ஸ் கடையிலையும் சென்ரிமீற்றர்தான் போட்டிருக்கு. நூற்றெட்டு."

நூற்றெட்டு! தினமும் பிள்ளையாருக்கு நான் சொல்லும் போற்றி. அதே ரீவிதானே — பிறகேன் நெஞ்சுப் பாரம் இறங்குகிறது?

"ஓம், வாங்கு," என்றேன்.

22.08

நூற்றெட்டு, நூற்றெட்டு என்று சொல்லிக்கொண்டே படுத்தேன். கனவில் தச்சன். "சென்ரிமீற்றர் நாடா என்னட்டை இல்லை, தங்கச்சி."

29.08

ரீவி வந்தது. அட்டைப்பெட்டியில் சிவப்பாக, கையகலத்தில், 43.

என்ரை முகமே மங்கலாய்த் தெரிகிற மனுஷன் பெட்டியருகே குனிந்தார். அந்த எண்ணின்மேல் விரலை ஓட்டினார். கன நேரம் நிமிரவில்லை. பிறகு கொண்டுவந்த பொடியளிடம் சொன்னார்:

"ரீவியை மட்டும் எடுங்கோ, தம்பிமார். பெட்டி உள்ளுக்கை வரவேண்டாம்."

அன்று மாமரத்தடியில் நின்று கேட்டிருக்கிறார். ஐயோ, இவ்வளவு காலமும் — கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

01.09

தேர். புது ரீவியில், சனத்துக்குள் ஒரு பிள்ளை தகப்பனின் தோளில் இருந்தது. இவருக்கு அது தெரிந்தது.

"கௌரியும் உப்பிடித்தான் இருந்து பாத்தவள், என்ன?"

"ஓம்," என்றேன். "உங்கடை ரண்டு காதையும் பிடிச்சுக்கொண்டு."