ஜஹானாரா வீட்டுக் கொசுவின் வயது

அனுப்பர்பாளையம்,
12.11.2006

அன்பு மகன் ராபினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் தயவால் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், ஹைதராபாத் சாப்பாடு உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது. என் மூட்டுவலி குறைந்து மறுபடி பனியன் கம்பெனிக்கு, தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போகிறேன். முக்கியமான சேதி, பக்கத்து வீட்டு ஜஹானாராவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இருவரும் சுகம். அதற்கு உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

நம் லைன் வீடுகளில் எல்லோரையும் சிக்குன்குனியா முடக்கிப்போட்டபோது நிறைமாதக்காரி அவள் ஒருத்திதான் தப்பியிருந்தாள், அவளுக்கும் வந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம். புகை அடித்த பிறகும் பகலெல்லாம் கொசு கடித்தது. வீட்டுக்காரம்மா செல்லாத்தாள், "அதெல்லாம் வெளிய இருந்து வர்ற பழைய கொசுங்க, நம்ம ஊட்டுல ஏதுங்க" என்று சாதித்தார். இங்கேயே பிறந்ததென்றால் இளசாக இருக்கும், எங்கள் கொசு ஆராய்ச்சிக்கூடத்தில் வயதைப் பார்த்தால் தெரிந்துவிடும், உயிரோடு அனுப்பு என்றாய். ஜஹானாரா வீட்டுக் கொசுக்களைப் பாட்டிலில் பிடித்து, ஹைதராபாத்துக்கு ரயிலேறிய உன் சிநேகிதனிடம் கொடுத்தேன், குலுங்காமல் போகட்டும் என்று உள்ளே பனியன் வேஸ்ட் துணியையும் அடைத்தேன். அதில் உரசி இறகோரம் நைந்து எல்லாமே கிழடாகத் தெரிகிறது என்று போனில் சிரித்தாய். நல்லவேளை, இறகை மட்டும் நம்பாமல் வயிற்றையும் பிரித்துப் பார்த்தாய். முட்டைப்பையில் இருக்கும் நுண்ணிய குழாய்கள் ஒருமுறை முட்டை வளர்ந்தால் நீண்டுவிடும், பிறகு சுருளாது, இவற்றில் சுருண்டே இருக்கின்றன, எல்லாம் இளசுதான், பக்கத்திலேயே பிறக்கின்றன, தண்ணீரைத் தேடுங்கள் என்றாய்.

தேடினால் செல்லாத்தாளின் டிரம்தான். தண்ணீர் எப்போதாவது வருகிற ஊரில் நிரப்பிவைத்து, நாம் எல்லோரும் செய்வதுபோல் வாயில் பனியன் துணியைக் கட்டியிருந்தார். துணி தொய்ந்து ஓரத்தில் வழிவிட்டிருந்தது, உள்ளே புழு நெளிந்தது. அவரே டிரம்மைக் கவிழ்த்துவிட்டார். இப்போது எல்லா டிரம்முக்கும் இறுக்கமான மூடி.

ஜஹானாரா, "அக்கா, ராபின் தம்பி வந்து எம்புள்ளயத் தூக்கணும்" என்கிறாள். கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் எடுக்க மறக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிக்கட்டும். நேற்று குழந்தையை வெளிச்சத்தில் வைத்து, கம்பெனியில் பீஸைப் பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். உடம்பில் ஒரு கடித்தடம் இல்லையடா.

உன் அம்மா,
விஜயராணி