எதிரி வேடம் போட்டவரை வாயிலுக்குள் விட வேண்டி

அனுப்புநர்:
சு. இசக்கிமணி,
ஹவில்தார் (ஓய்வு),
அம்மன் கோயில் மேலத்தெரு,
மேலகரம், தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு திட்ட அலுவலர் அவர்கள்,
கண்காணிப்பு மென்பொருள் விரைவுக் கொள்முதல் பிரிவு,
படைத்துறை முகாம் அலுவலகம்,
மதுரை.

பொருள்: செங்கோட்டை களச் சோதனையில் எதிரியாக வேடமிட்டு நடந்த என்னை மென்பொருள் உண்மையான எதிரியாகவே பதிவு செய்து எல்லா வாயில்களிலும் தடுத்து வருவது – வரும் 07.11.2025 வெளியீட்டிலேயே இதைத் திருத்தக் கோருவது – தொடர்பாக.

பார்வை: எனது மனுக்கள், நாள் 14.07.2025, 01.09.2025 மற்றும் 13.10.2025 (மூன்றுக்கும் பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவைத் தங்கள் கையில் நேரில் கொடுப்பதற்காகக் கடந்த வெள்ளிக்கிழமை மதுரைக்கு வந்தேன். தங்கள் அலுவலக வாயிலில் உள்ள கேமரா என்னைக் கண்டதும் சிவப்பு விளக்கு எரிந்து, தடுப்புக் கட்டை இறங்கிவிட்டது. ஒரு மணி நாற்பது நிமிடம் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டு, பிறகு திருப்பி அனுப்பப்பட்டேன். ஆகவே விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். நேரில் கொடுக்க முடியாமல் போனதற்கான காரணமும் இம்மனுவில் நான் முறையிட வந்த குறையும் ஒன்றேதான்.

முந்தைய மூன்று மனுக்களையும் என் மைத்துனர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். நல்ல ஆங்கிலம் என்றே கேள்வி. யாரும் படித்ததாகத் தெரியவில்லை. தங்கள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர்கள் உண்டு என்று வாயிற்காவலர் பெஞ்சில் எனக்குத் தண்ணீர் கொடுத்தபோது சொன்னதால், இந்த முறை நானே என் மொழியில் எழுதுகிறேன்.

1. நான் இருபத்து நான்கு ஆண்டுகள் தரைப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். 2009இல் வடக்கே பனிமலையில் ரோந்து போகும்போது விழுந்ததில் வலது முழங்கால் கெட்டுப்போனது. வலது கால் உடம்பைத் தாங்காததால், அதிலிருந்து இடது காலை எட்டி வைக்க முடியாது. இடது அடி நான்கு விரற்கடை குறைவாகவே விழும். இந்தச் சிறு விவரத்தைத் தாங்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். என் துன்பம் முழுவதும் இதிலிருந்துதான் வந்தது.

2. 2024 ஜூன் முதல் ஆகஸ்டு வரை, செங்கோட்டைக்கு மேற்கே உள்ள ஒரு தனியார் தோட்டத்தில் தங்கள் பிரிவு வாங்கவிருந்த கண்காணிப்பு மென்பொருளின் களச் சோதனை நடைபெற்றது. சாரல் காலத்தில் எங்கள் மலையில் மூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. எல்லை மலைகளும் அப்படித்தான் என்பதால் இந்த இடம் தேர்வானது. மென்பொருளைச் செய்தது தென்காசி–குற்றாலம் சாலையில் உள்ள ஒரு நிறுவனம். பெயரை வெளியில் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இம்மனுவிலும் அதை மீறவில்லை.

3. அவர்களது வேலைமுறையை எனக்கு விளக்கினார்கள். எல்லாவற்றையும் ஐந்து வருடம் கட்டி முடித்து ஒரே நாளில் ஒப்படைக்காமல், இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை கொஞ்சம் கொஞ்சமாக வெளியிட்டு, பயன்படுத்துகிறவரைக் கேட்டுத் திருத்திக்கொண்டே போவது. அதற்கு அஜைல் என்று பெயர். படையும் இப்போது இந்த முறையில் வாங்குகிறது என்று கேட்டு உண்மையிலேயே மகிழ்ந்தேன். என் அளவுக்குப் பொருந்தும் பனிக்காலணி வர மூன்று குளிர்காலம் காத்திருந்தவன் நான். ஆகவே இம்மனு அந்த முறைக்கு எதிரானதல்ல. முதல் வெளியீடு சுந்தரபாண்டியபுரத்தில் பூத்திருந்த சூரியகாந்தி வயலைப் பார்த்து, நாலாயிரம் பேர் சட்டவிரோதமாகக் கூடியிருப்பதாக எச்சரித்தது. இரண்டே வாரத்தில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். பூவுக்குக் கிடைத்த அந்த வேகம் எனக்குக் கிடைக்கவில்லை என்பதே என் வருத்தம்.

4. சோதனையில் என் வேலை, எதிரியாக மலையில் ஊடுருவுவது. கேமராக்களுக்கு அகப்படாமல் மேலிருந்து கீழே வர வேண்டும். ஆடு மேய்ப்பவராக, விறகுக் கட்டு சுமப்பவராக, கேரள லாட்டரிச் சீட்டு விற்பவராக, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துத் துண்டோடு அருவிக்குப் போகிறவராக என்று மொத்தம் அறுபத்தொரு முறை இறங்கினேன். எட்டு வாரங்கள் மென்பொருளால் என்னைப் பிடிக்க முடியவில்லை. என் வேடத் திறமையைத் தங்கள் பிரிவு அதிகாரிகளே கைதட்டிப் பாராட்டினார்கள். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை, அல்லது கொஞ்சம் அதற்காகவும்தான்.

5. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, எது நன்றாக நடந்தது, எது சரியில்லை என்று பேசுவார்கள். நாலாவது கூட்டத்தில் எல்லோர் முகமும் தொங்கிப்போயிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எல்லையில் நிற்கும் பையன்களை நினைத்து, "முகத்தையும் துணியையும் பாக்காதீய, என் காலப் பாருங்க. இடது அடி குட்டையா விழும், அத எந்த வேசத்துலயும் மாத்த முடியாது" என்று நானே சொல்லிக் கொடுத்தேன். அடுத்த வெளியீட்டில் மூட்டத்துக்குள் மூன்றாவது அடியிலேயே மென்பொருள் என்னைப் பிடித்தது. கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். அன்று பெருமையாக இருந்தது. இன்று அவமானமாக இருக்கிறது.

6. 2025 ஜூலையில் இதே மென்பொருள் படை முகாம்களின் வாயில்களிலும் பொருத்தப்பட்டது. சோதனைக்காலப் பதிவுகளை அழிக்காமல் அப்படியே கொண்டுவந்து ஏற்றிவிட்டார்கள். 09.07.2025 அன்று முகாமில் ஓய்வு பெற்றவர்களுக்கும் பொருள் விற்கும் கேண்டீனுக்குச் சமையல் எண்ணெய் வாங்கப் போன நான், அறுபத்தொரு முறை ஊடுருவிய எதிரி என்று திரையில் தெரிந்தேன். அடையாள அட்டையைக் காட்டினால், அட்டை சரி, ஆள் சரியில்லை என்கிறது. காவலில் நிற்கும் பையன்கள் எனக்கு சல்யூட் அடித்துவிட்டு பெஞ்சைக் காட்டுகிறார்கள். அவர்கள்மேல் குறையில்லை. என் மனைவி ஆவுடைத்தாய் அன்று சொன்னதைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்: "இருவத்தி நாலு வருசம் காவலு காத்தது ஒரு பெட்டிக்கும் தெரியல. மூணு மாசம் களவாணியா நடிச்சது மட்டும் எல்லாப் பெட்டிக்கும் தெரியுதாக்கும்."

7. இது என் ஒருவன் கதை மட்டுமல்ல. கடையநல்லூரைச் சேர்ந்த ஓய்வு பெற்ற நாயக் இத்ரீஸ் அவர்களும் இரண்டு முறை நிறுத்தப்பட்டிருக்கிறார். அவர் எந்தச் சோதனையிலும் நடக்கவில்லை. அவருக்கும் வலது முழங்கால். ஐயா, கேண்டீன் வரிசையில் முழங்கால் நன்றாக இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாட்டுக்காகக் காலைக் கெடுத்துக்கொண்டவர்களை அந்தக் காலை வைத்தே எதிரி என்று சொல்லும் கருவியை நாடே வாங்கியிருக்கிறது.

8. நிறுவனத்துக்குப் பலமுறை போனேன். அங்கே பொறியாளர் சந்தோஷ்குமார் என்மேல் உண்மையான அன்புள்ளவர். செய்ய வேண்டிய வேலைகளைச் சிறு அட்டைகளில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். மேலே இருக்கும் அட்டை முதலில் எடுக்கப்படும். என் அட்டை ஜூலையிலிருந்து கடைசி வரிசையில் இருக்கிறது. ஜூலை 18 தொடங்கி அக்டோபர் 24 வரை எட்டு வெளியீடுகள் வந்துவிட்டன, சுதந்திர தினத்தன்றுகூட ஒன்று. ஒவ்வொரு முறையும் "அடுத்ததுல பாப்போம் அண்ணாச்சி" என்பதே பதில். என் அட்டைக்கு மேலே இருந்தது, திரையின் நிறத்தைக் கருநீலமாக மாற்றும் வேலை. நிறம் செப்டம்பர் 26ஆம் தேதியே மாறிவிட்டது.

9. காரணத்தை அவரிடமே கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி. ஒப்பந்தத்துல நீங்க யூசர் கெடையாது, டெஸ்ட் டேட்டா. யூசர் கேட்டாத்தான் கார்டு மேல ஏறும்." ஒப்பந்தத்தில் பயனாளர் என்று மூன்று படைப்பிரிவுகளின் பெயரே இருக்கிறதாம். இன்னொரு காரணமும் உண்டு. டிசம்பரில் தங்கள் பிரிவு நடத்தும் இறுதி ஏற்புச் சோதனையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரைச் சரியாகப் பிடிக்க வேண்டும். இப்போது தொண்ணூற்றாறு வருகிறது. என் நடையை நீக்கினால் தொண்ணூற்றொன்றுக்கு இறங்கிவிடுமாம். ஆக, நான் எதிரியாக இருப்பதில் எல்லோருக்கும் நன்மை இருக்கிறது. நண்பனாக ஆவதில் எனக்கு மட்டுந்தான்.

10. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். எண்ணெயைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது இதுதான். என் ஒரே மகள் ஜெயசித்ரா அதிகாரியாகப் பயிற்சி முடித்து, வரும் 22.11.2025 சனிக்கிழமை பணியேற்கிறாள். அன்று பெற்றோர் இருவரும் இரண்டு பக்கம் நின்று, பிள்ளையின் தோளில் நட்சத்திரத்தைக் குத்துவது வழக்கம். நான் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். என் வீட்டிலிருந்து ஒரு அதிகாரி வருவாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. பயிற்சி மையத்தின் வாயிலிலும் இதே மென்பொருள்தான்; அது தந்த பார்வையாளர் பட்டியலில் ஆவுடைத்தாய் பெயருக்கு அனுமதி வந்துவிட்டது. என் பெயருக்கு நேரே சிவப்பு எழுத்தில் "அனுமதி இல்லை" என்று வந்திருக்கிறது.

11. மகளிடம் போனில், உன் பயிற்சி அதிகாரி யாரையாவது குத்தச் சொல்லம்மா என்றேன். அவள் சொன்னாள்: "ரெண்டு தோளு இருக்கு அப்பா. ஒண்ணு அம்மைக்கு, ஒண்ணு உங்களுக்கு. நீங்க வரலைன்னா அந்தத் தோளு சும்மா கெடக்கட்டும். வேற ஆள நான் குத்த விடமாட்டேன்." அவள் சொன்னால் செய்வாள். அந்தப் பிடிவாதம் என்னிடமிருந்து போனது.

12. மீதமுள்ள வெளியீடுகள் இரண்டு: நவம்பர் 7 மற்றும் 21. ஒரு வெளியீடு எல்லா வாயில்களுக்கும் போய்ச்சேர ஒரு வாரம் ஆகிறது. எனவே 21ஆம் தேதி வெளியீடு எனக்குப் பயன்படாது. எனக்கு இருப்பது 7ஆம் தேதி ஒன்றுதான். இம்மனு தங்கள் மேசைக்கு வரும்போது அதற்கு ஓரிரு நாளே இருக்கும் என்பதை உணர்ந்தே, கோபத்தை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

எனவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து, என் அட்டையை 7ஆம் தேதி வெளியீட்டின் முதல் வேலையாக எடுக்கும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட வேண்டுகிறேன். பயனாளர்களுக்காக வாங்குகிறவர் என்ற முறையில் அதற்கான அதிகாரம் தங்களுக்கு உண்டு என்று சந்தோஷ்குமார் சொல்கிறார். என் நடையை அழிக்க வேண்டாம். அது எல்லையில் நிற்கும் பையன்களுக்குப் பயன்படும் என்றுதான் கொடுத்தேன், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவில்லை. இந்த நடைக்கு உரியவர் நம்மவர் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு சேர்த்தால் போதும். திரு. இத்ரீஸ் போன்றவர்களையும் கருத்தில் கொண்டு, கேமராவின் முன்னால் நிற்கிறவரும் பயனாளரே என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கவும் வேண்டுகிறேன். டிசம்பர் சோதனைக்கு எண்ணிக்கை குறையும் என்றால், 22ஆம் தேதிக்குப் பிறகு எந்த மலையில் சொன்னாலும், எத்தனை முறை சொன்னாலும், முழங்கால் தாங்கும்வரை எதிரியாக நடந்து தருகிறேன்.

அட்டை எழுதும் முறையை நிறுவனத்தில் எனக்கும் கற்றுத் தந்தார்கள்: யார், என்ன வேண்டும், எதற்காக, வேலை முடிந்தது என்று எப்படித் தெரியும். சுவரில் இருக்கும் என் அட்டை வேறு ஒருவர் எழுதியது. அதில் "சோதனைப் பதிவுகள் 61, நீக்கம், முன்னுரிமை குறைவு" என்று மட்டும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, நான் கீழே எழுதியிருப்பதை ஒட்டச் சொல்லுங்கள்.

யார்: ஜெயசித்ராவின் தகப்பன்.
என்ன வேண்டும்: 22ஆம் தேதி காலை வாயிலைக் கடக்க வேண்டும்.
எதற்காக: மகளின் வலது தோளில் நட்சத்திரம் குத்துவதற்காக.
முடிந்தது என்று எப்படித் தெரியும்: இரண்டு தோளிலும் நட்சத்திரம் இருக்கும்.

இடம்: மேலகரம்
நாள்: 03.11.2025

வாயிலுக்கு வெளியே காத்திருக்கும்,
(ஒப்பம்)
சு. இசக்கிமணி
ஹவில்தார் (ஓய்வு)