துணிதான் நல்லதென்றீர்கள்

இன்று காலை பின்வளவு வாசுகி வந்தாள். அவளுடைய தாய் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையாகிவிட்டா. வாசுகியின் கையில் உங்கள் கல்வெட்டு இருந்தது. உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நாங்கள் அச்சடித்துக் கொடுத்த நினைவுப் புத்தகம்தான். ஒரு பக்கத்தை மடித்து வைத்திருந்தாள்.

"அன்ரி, பம்பேர்ஸ் கட்டாமல் துணியிலையே அங்கிளைப் பாத்தனீங்கள் எண்டு இதிலை கிடக்கு. எப்பிடி மடிக்கிறது எண்டு எனக்கும் காட்டித் தாங்கோ. அண்ணையும் துணிதான் நல்லது எண்டு சொல்லுறார்."

அண்ணை சொல்லுவார்தான். தோய்க்கப் போகிறவள் வாசுகியல்லவா? பழைய துணி எடுக்க அலுமாரியைத் திறந்தேன். மிஞ்சிக் கிடந்த உங்கள் வேட்டிகளுக்குப் பின்னால் அரைவாசி முடிந்த பம்பேர்ஸ் பை. அதன் பவுடர் மணம் மூக்கில் அடித்தது. வாசுகி காணாதபடி கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றேன்.

இஞ்சாருங்கோ, உங்கள் கணக்குப் பிழையென்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கொக்குவில் ஊர் முழுக்க உங்களைத் துணிப்பையோடுதான் தெரியும். பொலித்தீன் பையில் மீன் கொண்டுவந்தவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிய ஆள் நீங்கள். உங்கள் அம்மா, என் மாமி, இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தபோது பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னீர்கள்.

"பம்பேர்ஸ் மண்ணிலை கிடந்தால் எங்கடை பேரப்பிள்ளை கிழவனானாலும் உக்காது. எரிச்சால் ஊருக்கே நஞ்சு. துணியைத் தோய்ச்சால் திரும்பவும் துணிதானே."

சரிதான். துணிக்குக் கிணற்றுத் தண்ணீர் போகும், சவர்க்காரம் போகும். அதையும் நீங்கள் விடவில்லை. தோய்த்த தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்டு, குலை தள்ளியதை எல்லோருக்கும் காட்டினீர்கள். மண்ணை நிறுத்தீர்கள், தண்ணீரை நிறுத்தீர்கள், புகையைக்கூட நிறுத்தீர்கள். என் இரண்டு கைகளையும் தராசில் வைக்க மறந்துவிட்டீர்கள்.

மாரியில் துணி காயாது. மழைக்காலத்துக்கு மட்டுமாவது பம்பேர்ஸ் வாங்குவோம் என்று கேட்டேன். "உமக்குக் கொஞ்சம் கரைச்சல்தான். எண்டாலும் மண்ணை யோசியும். அடுப்படியிலை ஒரு கொடி கட்டினால் காயும்" என்றீர்கள். கட்டியும் தந்தீர்கள். சோற்றுப் பானைக்கு மேலே மாமியின் துணிகள் தொங்கின. என் விரலிடுக்குகள் வெடித்து, மிளகாய்த்தூள் பட்டால் உயிர் போய்வரும். அந்த இரண்டு வருடத்தில் நீங்கள் ஒரு துணிகூடத் தோய்க்கவில்லை. ஆனால் மாமியின் கல்வெட்டில் எழுதினீர்கள், அம்மாவுக்கு நாம் ஒரு பம்பேர்ஸ்கூடப் பாவிக்கவில்லை என்று. அந்த 'நாம்' என்பதை வாசித்தபோது உங்களை வெறுத்தேன்.

பிறகு உங்களுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய், 'ஓம்' என்ற ஒரு சொல்தான் மிஞ்சியது. பசித்தாலும் ஓம், நொந்தாலும் ஓம். வேண்டாமென்றாலும் வாய் ஓம் என்றே சொல்லும். தலையை ஆட்டித்தான் வேண்டாமென்று காட்டுவீர்கள். ஆஸ்பத்திரியால் வந்த அன்றே பையை வாங்கிவந்து உங்கள் கண்முன்னால் பிரித்தேன்.

"பம்பேர்ஸ் கட்டட்டே?"

"ஓம்."

தலை இல்லை, இல்லையென்று ஆடியது. நான் சொல்லை எடுத்தேன், தலையை விட்டேன்.

குப்பை வண்டிக்காரர் அதையெல்லாம் ஏற்றமாட்டோமென்றார்கள். கோடிப்புறத்தில் காய்ந்த தென்னோலையோடு குவித்து எரித்தேன். புகை உங்கள் யன்னலால் உள்ளே போனது. யன்னலைச் சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை. நீங்கள் அழுததைப் பார்த்தேன், எனக்கு அது இனித்தது. இதை வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஒரு நாளைக்கு இரண்டுதான் கட்டினேன். "குப்பை கூடக் கூடாதல்லோ, நீங்கள் சொல்லித் தந்ததுதானே" என்று உங்கள் காதுக்குள் சொல்லிவிட்டு, ஊறி ஊதிப்போனதோடு உங்களைக் கிடக்கவிட்டேன். மூன்றாம் மாதம் முதுகுக்குக் கீழே புண் வந்தது. மருந்து கட்ட வந்த தாதி கேட்டா.

"ஒரு நாளைக்கு எத்தினை மாத்திறியள்?"

"ரெண்டு."

"உது காணாது, அம்மா. துணியெண்டாலும் நனைஞ்ச உடனை மாத்தியிருப்பியள்."

அது எனக்குத் தெரியாததா? இரண்டு வருடம் மாமிக்கு மாற்றியவள் நான். மாமியின் உடம்பில் ஒரு கீறல்கூட இருந்ததில்லை.

அன்றே உங்கள் வேட்டிகளைக் கிழித்தேன். நனைய நனைய மாற்றினேன், கிணற்றடியிலேயே கிடந்து தோய்த்தேன், கைகள் திரும்பவும் வெடித்தன. புண் எலும்புவரை போய்விட்டிருந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட நீங்கள் இருக்கவில்லை. செத்தவீட்டுக்குக் கனடாவிலிருந்து வந்த மகன் கண்டது கொடியில் காய்ந்த துணிகளைத்தான். கண்டதைக் கல்வெட்டில் எழுதினான். அச்சுக்குப் போகமுன் எனக்கு வாசித்தும் காட்டினான். நான் ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

இன்று பையை உள்ளே தள்ளிவிட்டு வேட்டியொன்றை எடுத்துவந்து வாசுகிக்கு மடிக்கக் காட்டினேன். "எதைக் கட்டினாலும் நனைஞ்ச உடனை மாத்து, பிள்ளை. அண்ணையையும் கிணத்தடிக்கு வரச் சொல்லு" என்றேன். "அவர் எங்கை வரப்போறார்?" என்று சிரித்தாள். அவளுடைய விரல்கள் இன்னும் மெத்தென்று இருக்கின்றன.

படலையடியில் நின்று திரும்பிப் பார்த்தாள். "கடைசிமட்டும் துணியிலைதான் அங்கிளைப் பாத்தனீங்கள், என்ன அன்ரி?"

"ஓம்" என்றேன். தலை இல்லை, இல்லையென்று தன்பாட்டில் ஆடியது. நான் ஆட்டவில்லை, சத்தியமாய் அதுவாக ஆடியது.

வாசுகி அதைக் கண்டாள். வயது போன நடுக்கமென்று நினைத்திருக்க வேண்டும். வேட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, என் சொல்லையே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.