இடுப்பில் கட்ட ஒரு செம்புக் கொம்பு

அன்பு மகள் மெங்லிக்கு, கர்ஷியிலிருந்து அத்தா சலாம் சொல்லி எழுதுவது. நீயும் மாப்பிள்ளை நோர்முராதும் மலையில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க அல்லாஹ் போதுமானவன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை, மூச்சு இருக்கிறது, அவ்வளவுதான். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. முல்லாவிடம் சொல்லி எழுதியிருந்தால் அழகாக இருந்திருக்கும், மாலை அஸர் தொழுகைக்குள் கன்னார் கடைத்தெரு முழுக்கப் பரவியும் இருக்கும். உன் அம்மா ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் போட்டு, ஊறிய பிறகு கோழிக்குக் கொட்டிவிடுகிறாள். உன் தம்பி எர்காஷின் கல்யாணத்துக்குப் பஞ்சு அடைத்து வைத்த மெத்தைகளை யாரும் தொடக்கூடாது என்கிறாள். நானும் அவற்றைச் சுற்றியே நடக்கிறேன்.

அவன் மௌத்தாகி மண்ணுக்குப் போன செய்தி மட்டும்தான் உனக்கு வந்தது. கடையில் தீ என்று சொல்லி அனுப்பினேன், மீதியை மறைத்தேன். இனி மறைக்க முடியாது மகளே, உட்கார்ந்து படி. இலையுதிர் காலத்தில் நீங்கள் வந்திருந்தபோது மாப்பிள்ளை காடை சுட எர்காஷின் செம்பு வெடிமருந்துக் கொம்பை இரவல் வாங்கினான் இல்லையா. புறப்பட்ட அன்று அதை ஆணியில் மாட்டும் முன் தன் பையிலிருந்து ஒரு பிடி மருந்தை அதில் கொட்டினான். உன் அம்மா பார்த்திருக்கிறாள். "வெறுமனே திருப்பிக் குடுத்தா நல்லாவா இருக்கும் மாமி" என்றானாம். கிண்ணமோ சட்டியோ கொம்போ, இரவல் வாங்கியதை வெறுமையாகத் திருப்புகிறவன் நம்மில் எவன்? அவன் செய்தது முறைதான். பத்து நாள் கழித்து எர்காஷ் அந்தக் கொம்பின் கழுத்தில் தகடு சேரும் தையல் விட்டிருக்கிறது என்று பற்றவைத்து அடைக்க எடுத்தான். வெளியாள் கொண்டுவரும் கொம்பென்றால் தண்ணீர் நிரப்பி ஒரு பகல் ஊறப்போடாமல் உலைப்பக்கமே கொண்டுபோக மாட்டோம். இது வீட்டுக் கொம்பு, சுட்டு முடித்தால் மீதி மருந்தை உதறி வைக்கும் பழக்கம் அவனுக்கு உண்டு, அதனால் அவனும் பார்க்கவில்லை, எதிரே உட்கார்ந்திருந்த நானும் கேட்கவில்லை. வெண்காரம் தடவி, பித்தளைப் பொடி வைத்து, குறட்டில் பிடித்துக் கரியின் மேல் காட்டினான். கொம்பு அவன் முகத்தில் வெடித்தது. மறுநாள் மதியம் லுஹர் வரைக்கும் உயிர் இருந்தது. கண் இரண்டும் போய்விட்டது தெரியாமல், "அத்தா, விளக்க ஏத்துங்க, கடைக்கு ஒண்ணும் ஆகலையே" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன்.

மருந்து எப்படி வந்தது என்று யாருக்கும் புரியவில்லை, எனக்கும்தான். ஏழாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்துச் சோறு வைத்தபோது, மாப்பிள்ளை புறப்பட்ட அன்று கண்டதை உன் அம்மா அழுகையோடு அழுகையாகச் சொல்லிவிட்டாள். பக்கத்தில் என் தம்பி, உன் சின்னத்தா பெக்நஜர் இருந்தான். அவனுக்குப் பிள்ளை இல்லை, எர்காஷைத் தோளில் தூக்கி வளர்த்தவன். பாதிச் சோற்றில் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த துப்பாக்கியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். முறைப்படி செய்தவனை என்ன குற்றம் சொல்வது என்று கேட்டேன். "மருமகன மடியில வெச்சுக்கிட்டு மகனுக்கு அழுவுறீங்களோ அண்ணே? நல்லா அழுவுங்க, நான் போயி அவன் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த கேட்டுட்டு வர்றேன்" என்றான். ஒரு வார்த்தை கேட்கப் போகிறவனுக்குத் துப்பாக்கி எதற்கு. நாற்பதாம் நாள் முடிந்ததும் உப்பு வியாபாரிகளோடு உங்கள் மலைக்குக் கிளம்புகிறான். என் பேச்சு ஏறவில்லை, இமாம் பேச்சும் ஏறவில்லை.

அதனால்தான் ஒரு புதுக் கொம்பு செய்து இந்தக் கடிதம் கொண்டுவரும் கம்பளி வியாபாரியிடம் கொடுத்து அனுப்புகிறேன், அவர் கோவேறு கழுதை உப்பு ஒட்டகங்களுக்கு முன்னால் வந்து சேரும். செம்புத் தகட்டை இரண்டு இதழாக வெட்டி, கட்டைக் குழியில் வைத்துத் தட்டி வளைத்தேன். தட்டத் தட்டச் செம்பு விறைத்துக்கொள்ளும், சூடு காட்டி இளக்க வேண்டும், என் உலையை இன்னும் நான் மூட்டவில்லை, எதிர்க்கடையில் கொடுத்துத்தான் இளக்கி வாங்கினேன். ஓரங்களைப் பற்றவைக்க மனம் வராமல் ஒன்றுக்குள் ஒன்று மடித்துத் தட்டிப் பூட்டிவிட்டேன். மூடியின் வில் பித்தளை, இரும்பு துளியும் இல்லை, பொறி தட்டாது. வழக்கமாகப் போடும் மாதுளைப்பூ வேலை எதுவும் போடவில்லை. என் முத்திரையை மட்டும் வயிற்றுப் பக்கம் ஆழமாக அடித்திருக்கிறேன், தூரத்திலிருந்தே தெரியும்.

பெக்நஜர் வரும் முன் நடந்ததை நீயே மாப்பிள்ளைக்குச் சொல்லிவிடு, அவன் வாயால் கேட்கக் கூடாது. கேட்டதும் மாப்பிள்ளை குதிரை ஏறி என் காலில் விழ வருவான், அவன் குணம் எனக்குத் தெரியும். வரவிடாதே. இந்த வருடம் அவன் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது. இந்தக் கொம்பை அங்கிக்கு வெளியே இடுப்பில் கட்டச் சொல், வீட்டுக்குள்ளேயும் கழற்றக் கூடாது. செத்தவனின் தகப்பன் தன் கையால் செய்து கொடுத்த ஆயுதச் சாமானை அணிந்தவன் மேல் நம் கூட்டத்தில் யாரும் கை ஓங்க முடியாது, பெக்நஜர் எவ்வளவு முரடனானாலும் அதை மீறமாட்டான். வந்தால் நீயே கதவைத் திற, சோறு போடு, எதிர்த்துப் பேசாதே, அழுதால் அழவிடு.

குளிருக்குச் சாணி வறட்டி போதுமான அளவு சேர்த்து வை, இருமலுக்கு ஆட்டுவால் கொழுப்பைப் பாலில் போட்டுக் குடி. அல்லாஹ் உன் வாசலைக் காப்பாற்றட்டும், உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். மறந்துவிடாதே, கொம்பை வெளியே தெரியும்படி கட்ட வேண்டும். அத்தா மன்னித்துவிட்டார் என்று மட்டும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதே, அது பொய். ஒரு பிள்ளையைக் குழியில் இறக்கிவிட்டேன், இன்னொரு பிள்ளையை விதவையாகப் பார்க்க என்னால் முடியாது, அதனால் செய்தேன் என்று சொல்.

உன் அத்தா,
கன்னான் நஜர்குல்