லேப்டாப்பில் அண்ணன் பெயர்

8 அக்டோபர் 2025, புதன்

பத்தாம் வகுப்பு டியூஷனுக்கு வினாத்தாள் அடிக்க உட்கார்ந்தால் திரை முழுக்க ஓர் அறிவிப்பு. இந்த விண்டோஸுக்குப் பதினான்காம் தேதியோடு பாதுகாப்பு முடிகிறதாம், புதியதற்கு மாறச் சொல்கிறது. மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு முன் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து வைக்க வேண்டும்.

அம்மா வழக்கம்போல, "பிராங்கிளின வரச் சொல்லு. அவந்தானே எல்லாம் போட்டுக் குடுத்தான்" என்றாள். பெரியப்பா மகன். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் பல்பு மாற்றக்கூட அவரைத்தான் கூப்பிட வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

9 அக்டோபர்

இதை எழுதி முடித்தால்தான் சோறு இறங்கும்.

பென் டிரைவுக்கு மாற்றும்போது ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் ஒரு சின்ன மேகக் குறி. இது என்ன என்று செட்டிங்ஸில் போய்ப் பார்த்தேன். கணக்கின் பெயர்: பிராங்கிளின் ராயப்பராஜ். என் லேப்டாப்பில்! டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், படங்கள், நான் சேமிக்கும் எல்லாமே உடனுக்குடன் அவன் கணக்கில் போய் விழுகின்றன. அவன் போனிலிருந்தே பார்க்கலாம்.

வாங்கிய அன்று சொன்னது நினைவுக்கு வருகிறது. "மெயில் ஐடி கேக்குது பாப்பா. என்னதையே போட்டுர்றேன், ஒண்ணுக்குள்ள ஒண்ணுதானே." சரிண்ணே என்று காபி போடப் போனேன். திறப்பதற்கு நாலு இலக்க எண் மட்டும்தான், அதனால் இத்தனை வருஷமும் கண்ணில் படவில்லை.

திரை மூலையில் இதுவரை தொடாத அந்த நீல மேகத்தைத் திறந்தால் அவன் சாமான்களும் கிடக்கின்றன. வண்டி இன்சூரன்ஸ், லிடியா மதினியின் போன் படங்கள். புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று மூடிவிட்டேன். அதற்கு மேலே என் தலை ஸ்கேன் ரிப்போர்ட்.

மே மாதம். திருச்சி மாப்பிள்ளை. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அவரிடம் நானே சொல்லியிருந்தேன், சரி என்றார். கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பில் முதல் ஓலை வாசித்தாயிற்று. அந்த வாரமே அவர் அம்மாவின் போனுக்கு இந்த ரிப்போர்ட் போயிற்று, 'இது வம்சத்துக்கே வரும்' என்ற ஒரு வரியோடு. இரண்டாம் ஞாயிறு எங்கள் பெயரை வாசிக்கவில்லை. கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. ஸ்கேன் எடுத்த இடத்தில்தான் யாரோ கொடுத்துவிட்டார்கள் என்று அம்மா இன்றுவரை சாபம் விடுகிறாள்.

பிராங்கிளின் தன் மச்சினனுக்கு என்னைக் கேட்டான், நான் வேண்டாம் என்றேன். அதுக்காடா? அதுக்கு இம்புட்டா?

10 அக்டோபர்

அவன் பெயரை எடுத்துவிட்டுப் புது விண்டோஸ் போட ஒரு பிற்பகல் போதும். போட்டால்? "ஐயோ, எனக்குத் தெரியவே தெரியாதே பாப்பா" என்பான். அம்மா நம்புவாள். அவனுக்குக் காபி வேறு கொடுப்பாள்.

மாட்டேன். லேப்டாப் கெட்டாலும் கெடட்டும். முதலில் அவன்.

12 அக்டோபர், ஞாயிறு

இப்போது எனக்குப் பேசி முடித்திருக்கும் ஆல்வின் சாப்பிட வந்துவிட்டுப் போனார். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கேரளா லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் ஆபீஸ் வைத்திருக்கிறார். மாத்திரை விஷயம் முதல் நாளே சொன்னதுதான். அதற்கு அவர், "அதுக்கென்னங்க, எங்கம்மா சுகருக்கு முழுங்கறதுல பாதிகூட வராது" என்றார். 26ஆம் தேதி முதல் ஓலை. அம்மா சோற்றுக்கு வெஞ்சனம் எடுத்துவர உள்ளே போன நேரத்தில் லேப்டாப் கதையையும், நான் செய்யப்போவதையும் சொன்னேன். ஓடிவிடுவார் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, நீங்க இவ்வளவு பொல்லாதவங்களா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

15 அக்டோபர்

பாதுகாப்புக் கெடு நேற்றோடு முடிந்தது. எனக்குரியதையெல்லாம் பென் டிரைவில் வைத்துவிட்டு லேப்டாப்பிலிருந்து அழித்தேன். பேங்க், மெயில் எதையும் அதில் திறப்பதில்லை. வினாத்தாள்கள் மட்டும் மிச்சம். கூடவே இன்று நான் அடித்த ஒன்று.

வக்கீலுக்கு எழுதுவதுபோல ஒரு கடிதம். எனக்கும் சடையாண்டி என்பவருக்கும் பதிவுத் திருமணம் நடந்திருக்கிறது, வீட்டுக்குத் தெரியாது, சத்தமில்லாமல் ரத்து செய்ய என்ன வழி? சடையாண்டி என்று ஒருவன் உலகத்தில் எனக்கு இல்லை. தேதியை மட்டும் யோசித்துப் போட்டேன். 22-5-2019, புதன், காலை பத்தரை. அது பிராங்கிளினுக்குக் கல்யாணப் பூசை நடந்த நேரம். மதினிக்குத் தோழியாகப் பீடத்துக்கு முன்னால் நின்றவள் நான்.

ஒரு நொடி யோசித்தால் பொய் என்று தெரிந்துவிடும். கல்யாணத் தேதி மனசில் இருக்கிற புருஷனென்றால் பிழைத்துப் போகட்டும்.

சேமித்தேன். மேகக் குறி வந்தது.

20 அக்டோபர்

தீபாவளி. பக்கத்து வீட்டு முறுக்கு வந்தது. அவனிடமிருந்து சத்தமே இல்லை.

26 அக்டோபர், ஞாயிறு

முதல் ஓலை. "இவர்கள் திருமணத்துக்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." நான் அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை.

2 நவம்பர், கல்லறைத் திருநாள்

இரண்டாம் ஓலையும் ஆயிற்று. சாயங்காலம் அப்பா கல்லறைக்கு அவனும் மதினியும் வந்தார்கள். அவனே குனிந்து மெழுகுவத்தி ஏற்றினான், காற்றுக்குக் கையால் மறைத்தும் பிடித்தான். "உனக்கு எல்லாம் நல்லபடியா முடியும் பாப்பா" என்றான். சிரித்துக்கொண்டே. அப்பா தலைமாட்டில் நின்றுகொண்டு!

படிச்சுட்டான். எனக்குத் தெரியுது. படிச்சுட்டான்.

8 நவம்பர், சனி

பாதர் பங்களாவுக்கு வரச் சொன்னார். அம்மாவோடு போனால் அவனும் மதினியும் அங்கே. குடும்பத்தோடு போனால்தான் எடுபடும் என்று அவளையும் அழைத்து வந்திருக்கிறான். மதினி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மனசு கேக்கல சித்தி. அந்த மாப்பிள்ளைப் பையன் பாவமில்லையா? நாளைக்கு நம்ம குடும்பத்தத்தான ஏசுவாங்க?" அம்மாவிடம்தான் சொன்னான். அவன் போனிலிருந்து பாதர் கடிதத்தைப் படிக்கப் படிக்க அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. அம்மாவுக்கு முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அழுதே காட்டிக் கொடுத்திருப்பாள்.

"அன்னாள், பத்தொன்பது மே இருபத்திரண்டு, காலையில உனக்குப் பதிவுத் திருமணம் நடந்துச்சா?"

நான் பதில் சொல்லுமுன் மதினி நிமிர்ந்தாள். "என்ன தேதி சொன்னீங்க பாதர்?"

அவர் திரும்பவும் சொன்னார்.

"அன்னைக்கு எங்களுக்குக் கல்யாணம் பாதர். இவதான் எனக்குத் தோழி. என் பூச்செண்டு சாயங்காலம் வரைக்கும் இவ கையிலதான் இருந்துச்சு." பிறகு புருஷனைப் பார்த்தாள். "தேதிகூடவாங்க தெரியல?"

அவன் முகம்! அதை ஒரு படம் எடுத்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும்.

பாதர், "இது உனக்கு எங்க கெடைச்சுது?" என்றார். யாரோ வேண்டியவர்கள் அனுப்பினார்கள் என்று ஆரம்பித்தான். "யாரும் அனுப்பல பாதர். நாந்தான் அடிச்சேன். என் லேப்டாப்ப விட்டு வெளிய போகல. அதுல இருக்கிறது பூரா அண்ணனுக்குத் தானாப் போயிரும், அவரே போட்டுக் குடுத்த ஏற்பாடு" என்றேன். மே மாதத்து ரிப்போர்ட்டையும் சொன்னேன். அம்மா எழுந்தாள். அவனை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "இனி என் வாசப்படி ஏறாத" என்றாள். அவ்வளவுதான், ஆனால் அப்பா சாவிலும் அம்மாவின் குரல் அப்படி இருந்ததில்லை.

கிளம்பும்போது பாதர் என்னை நிறுத்தினார். "நீயும் பொய் எழுதியிருக்க. கல்யாணத்துக்கு முன்ன பாவசங்கீர்த்தனத்துக்கு வா."

"வாரேன் பாதர். வருத்தப்படுறேன்னு மட்டும் சொல்ல வராது."

9 நவம்பர்

மூன்றாம் ஓலை வாசித்தார்கள். எங்கள் பெயரைத்தான்.

11 நவம்பர், செவ்வாய்

லேப்டாப்பை மொத்தமாக அழித்துவிட்டுப் புது விண்டோஸ் ஏற்றினேன். பெயர் கேட்டது: அன்னாள். என் சொந்தக் கணக்கு, புதுக் கடவுச்சொல். நீ இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ளட்டுமா? வேண்டாம். நீ செய்வதைக் கவனித்து விளம்பரம் காட்டட்டுமா? வேண்டாம். உன் கோப்புகளை மேகத்தில் வைக்கட்டுமா? வேண்டவே வேண்டாம். ஒவ்வொன்றாக அமுக்க அமுக்க அப்படி ஒரு சுகம். வெளியே போய்விட்ட ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்க மட்டும் பொத்தான் இல்லை. அதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையிலிருந்து அவனை விலகச் சொல்லிவிட்டார்களாம். இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

13 நவம்பர்

மதினி நினைப்பாகவே இருக்கிறது. அவள் அங்கே வருவாள் என்று நான் நினைக்கவில்லை. அவனுக்கு வைத்தது அவள் மேலும் பட்டுவிட்டது.

16 நவம்பர், ஞாயிறு

மதியம் மதினி வந்தாள், தனியாக. ஏசத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஏசினால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தேன். அவள் போனை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"தேதியை மறந்ததுக்குச் சண்டை போடுவேன்னு நெனச்சாரு. நான் போடல. வேற ஒண்ணு யோசிச்சேன். போன மாசம் எரியோட்டுல எங்கக்கா வீட்டுக்குப் போயிருந்தேன், அவர்ட்டச் சொல்லல. பிள்ளைகளப் படம் எடுத்தேன், அம்புட்டுதான். அன்னைக்கு ராத்திரி சாப்பிடறப்ப, 'எரியோட்டுல நல்ல வெயிலோ'ன்னு கேட்டாரு. எப்படித் தெரியும்னு கேக்க அப்பத் தோணல." போனை என் பக்கம் தள்ளினாள். "இதுலயும் அவர் பேரு இருக்கான்னு பாரு."

அன்று மேகத்தில் பார்த்து மூடிவிட்ட அந்தப் படங்கள் நினைவுக்கு வந்தன. செட்டிங்ஸைத் திறந்தேன். இருந்தது. அவளிடம் காட்டினேன். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை.

"எடுத்துரவா மதினி?"

"செத்த இரு. இப்ப எடுக்காத." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீ எப்படி எழுதி வச்சன்னு மொதல்ல எனக்குச் சொல்லு."

நான் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.